ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிக்கூடம்

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பரிசளிப்பு விழா மேடையில் ஏறும் ஆசிரியர் கல்வியின் சிறப்பைப் பேசுவார். இல்லையென்றால் பெற்றோரின் கடமையைப் பேசுவார். இரண்டும் நல்ல தலைப்புகள்தாம். ஆனால் அவற்றை என்னைவிட நன்றாகப் பேசக்கூடியவர்கள் இங்கே இருக்கிறார்கள். ஆகவே நான் வேறொரு கதையைச் சொல்ல வந்திருக்கிறேன். ஓர் அமெரிக்க வாத்தியார் சீன நாட்டில் போய்ப் பாடம் நடத்தினார். அவர் அங்கே எப்படி வாழ்ந்தார், சனி ஞாயிறுகளில் எங்கே போனார், யாரோடு பேசினார் என்பதுதான் கதை.

"அமெரிக்கக்காரன் சீனாவுல ஞாயித்துக்கிழமை எங்க போனா நமக்கென்ன சார்?" என்று பின்வரிசையில் ஒருவர் முணுமுணுப்பது எனக்குத் தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள் ஐயா. முடிவில் அது நம்ம தோட்டத்துக்கே வந்து சேரும்.

அந்த வாத்தியாரின் பெயர் பீட்டர் ஹெஸ்லர். 1969-இல் பிறந்தவர். அமெரிக்க அரசின் அமைதிப் படை என்னும் தொண்டர் அமைப்பின் மூலமாக, 1996-ஆம் ஆண்டு, தம்முடைய 27-ஆம் வயதில் சீனாவுக்குப் போனார். படை என்றதும் துப்பாக்கியை நினைத்துக்கொள்ள வேண்டாம். கென்னடி அதிபராக இருந்தபோது, 1961-இல் தொடங்கிய அமைப்பு அது. இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து, பிற நாடுகளுக்கு ஆசிரியர்களாகவும் தாதிகளாகவும் அனுப்பி, அந்தந்த ஊர் மக்களோடு இரண்டு ஆண்டுகள் வாழ வைத்தார்கள். நம் நாட்டுக்கும் 1962 முதல் 1983 வரை அப்படி நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். நம் தாத்தா பாட்டிமாரில் சிலருக்கு, அறிவியலோ கணிதமோ சொல்லிக்கொடுத்த உயரமான வெள்ளைக்கார வாத்தியாரை நினைவிருக்கக்கூடும். சீனா 1993-இல்தான் இவர்களுக்குக் கதவைத் திறந்தது. அங்கே 'அமைதிப் படை' என்ற பெயர்கூட ஆகாது என்று, அமெரிக்க-சீன நட்புறவுத் தொண்டர்கள் என்று பெயரை மாற்றிக்கொண்டுதான் நுழைந்தார்கள்.

ஹெஸ்லருக்குக் கிடைத்த ஊர் ஃபூலிங். யாங்சி என்னும் பேராற்றோடு வூ என்னும் ஆறு வந்து கலக்கும் இடத்தில் இருக்கும் ஊர். அப்போது சிச்சுவான் மாநிலத்தைச் சேர்ந்திருந்தது. 1997-இல் சோங்சிங் தனி மாநகரானபோது அதனோடு சேர்ந்தது. அன்றைய மக்கள்தொகை சுமார் இரண்டு லட்சம். அந்தக் காலத்தில் ரயில் கிடையாது. ஆற்றில் படகு ஏறித்தான் போக வேண்டும். ஊர் முழுவதும் மலைச்சரிவில் இருப்பதால் தெருவுக்குப் பதில் படிக்கட்டு. சீனா என்றாலே சைக்கிள் என்று நினைப்போம் அல்லவா? இந்த ஊரில் சைக்கிளைக் காண்பதே அரிது. படியில் எப்படி மிதிப்பது?

நம்மூர்ச் சீனர் கடைகளில் காரமாக, மொறுமொறுவென்று ஒரு கடுகுக்கிழங்கு ஊறுகாய் பொட்டலத்தில் கிடைக்கிறதே, அதற்குப் பேர்போன ஊர் இதுதான்.

அவர் வேலை பார்த்தது ஆசிரியர் கல்லூரியில். அவரும் அவரைப் போன்ற இன்னோர் இளைஞருமாக இரண்டு பேர். அரை நூற்றாண்டுக் காலமாக அந்த ஊரில் அமெரிக்கர் எவரும் வாழ்ந்ததில்லை. மாணவர்களில் பெரும்பாலோர் விவசாயிகளின் பிள்ளைகள். படித்து முடித்ததும் கிராமத்து இடைநிலைப் பள்ளிகளுக்கு ஆங்கில ஆசிரியர்களாகப் போக வேண்டியவர்கள். அந்நாளில் சீன இளைஞர்களில் பன்னிரண்டு பேருக்கு ஒருவர்தான் உயர்கல்விக்குள் நுழைய முடிந்தது. ஆகவே வகுப்பில் உட்கார்ந்திருந்த ஒவ்வொருவரும் ஒரு குடும்பத்தின் நம்பிக்கையைத் தோளில் சுமந்து வந்தவர். இதைப் பெற்றோர்களாகிய உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

வேலை நாள்களில் அவர் வாழ்க்கை நம்முடையதைப் போன்றதுதான். விடியற்காலையில் ஒலிபெருக்கி அலறும், மாணவர்கள் திடலில் உடற்பயிற்சி செய்வார்கள், பிறகு வகுப்பு. அவருக்குக் கொடுத்த பாடம் ஆங்கில இலக்கியம். ஷேக்ஸ்பியரை எல்லாம் அந்தக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு நடத்தினார். ராபின் ஹூட் கதையை நடத்திவிட்டு, "பணக்காரரிடம் பிடுங்கி ஏழைக்குக் கொடுத்தவன் நல்லவனா, கெட்டவனா?" என்று விவாதிக்க விட்டாராம். வகுப்பு இரண்டுபட்டுப் போனது. பிள்ளைகளின் அந்தப் பேச்சில், இலக்கியத்தைவிட அவர்கள் பிறந்து வளர்ந்த நாட்டைப் பற்றி அதிகமாகத் தெரிந்துகொண்டார்.

பாடம் முடிந்ததும் அவரே மாணவராகிவிடுவார். கல்லூரி ஆசிரியர்கள் இருவரிடம் சீனம் கற்றுக்கொண்டார். அவர்களில் ஓர் அம்மையார் கண்டிப்பானவர். இவர் வாய் திறந்து ஒரு சொல்லைத் தவறாகச் சொன்னால் போதும், "பூ துவே!" என்பார். 'தவறு' என்று பொருள். அமெரிக்காவில் பிள்ளை தப்பாகச் சொன்னாலும், "நல்ல முயற்சி" என்று முதுகில் தட்டிவிட்டுத்தான் திருத்துவார்கள். இங்கே தட்டலும் இல்லை, தடவலும் இல்லை. தவறு, தவறு, தவறு! உயர்ந்த பல்கலைக்கழகங்களில் படித்துவிட்டு வந்தவருக்கு எப்படி இருந்திருக்கும்? கோபம் கோபமாக வந்ததாம். ஆனாலும் விடவில்லை. அந்தச் சொல்லைக் கேட்கக் கூடாது என்பதற்காகவே இரவெல்லாம் எழுத்துகளை எழுதிப் பழகினார்.

ஆசிரியப் பெருமக்களே, இங்கே ஒரு கணம் நில்லுங்கள். காலையில் மற்றவர்களின் பிழையைத் திருத்தும் ஒருவர், மாலையில் தம் பிழைக்காக முகம் சிவந்து உட்கார்ந்திருக்கிறார். நம்மில் எத்தனை பேருக்கு, வாத்தியாராக வந்த பிறகு, அந்த இடத்தில் உட்கார்ந்த அனுபவம் உண்டு? சிவப்பு மையின் வலி, எழுதும் கைக்குத் தெரிவதில்லை.

சரி, சனி ஞாயிறுக்கு வருவோம்.

கல்லூரி ஆற்றுக்கு இந்தப் பக்கம், நகரம் அந்தப் பக்கம். வேலியை விட்டு வெளியே வராமலே இரண்டு ஆண்டுகளை ஓட்டிவிடலாம். சாப்பாடு கிடைக்கும், வீடு கிடைக்கும், மரியாதையும் கிடைக்கும். அவர் அப்படி இருக்கவில்லை. கல்லூரி வாசலுக்கு எதிரே ஒரு குடும்பம் சின்ன மீ கடை வைத்திருந்தது. நம்மூர் வான்தான் போன்ற ஒரு பண்டத்தை மிளகாய் எண்ணெயில் போட்டுக் கொடுப்பார்கள். அங்கே போய் உட்கார்ந்து, கடைக்காரரோடும் அவர் மனைவியோடும் தத்தித் தத்திப் பேசுவார். அவர்களுடைய குழந்தைக்குப் பேச்சு வந்துகொண்டிருந்த காலம் அது, இவருக்கும் அப்படித்தான். பிறகு சீனப் பெருநாள் வந்தபோது, அந்தக் கடைக்காரர் குடும்பம் இவரைத் தங்களோடு விருந்துக்கு உட்கார வைத்தது.

ஞாயிறு காலையில் நகரத்துக்குப் போவார். அங்கிருந்த பழைய கத்தோலிக்கத் தேவாலயத்தில் வழிபாடு. முடிந்ததும், வயது முதிர்ந்த சீனப் பாதிரியாரோடு உட்கார்ந்து தேநீர். அதன் பிறகு படிக்கட்டுகளில் ஏறி இறங்கிச் சுற்றுவார். தேநீர்க் கடைகளில் ஏதாவது ஒரு தாளை வைத்துக்கொண்டு உட்காருவார். யாராவது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "எந்த ஊரு? சம்பளம் எவ்வளவு?" என்று தொடங்குவார்கள். ஆமாம், எடுத்த எடுப்பிலேயே சம்பளம்தான்! நம்ம ஆள்களும் அப்படித்தானே? அவர் ஒளிக்காமல் பதில் சொல்லுவார். திருப்பி அவர்களைப் பற்றியும் கேட்பார்.

அந்த நகரத்தில் மூங்கில் கழியும் கயிறுமாக நிற்கும் கூலியாள்கள் ஏராளம். படகுத்துறையில் இறங்கும் சரக்கையெல்லாம் கழியின் இரு முனையிலும் தொங்கவிட்டு, தோளில் வைத்து, நூற்றுக்கணக்கான படிகளை ஏறுவார்கள். கிராமத்திலிருந்து பிழைப்புக்கு வந்த உழவர்கள் அவர்கள். அதைப் படிக்கையில், அந்தக் காலத்தில் காண்டாவில் பால் சுமந்த நம் முன்னோரின் தோள்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. ஹெஸ்லர் அந்த மனிதர்களை ஓரமாக ஒதுங்கிக் கடந்து போகவில்லை. நின்று பார்த்தார். அவருடைய மாணவர்களின் தகப்பன்மாரும் அப்படிப்பட்டவர்கள்தானே!

வேறு சில நாள்களில் கல்லூரிக்குப் பின்னால் உள்ள மலைக்குப் போவார். கொடி நாட்டிய மலை என்பது அதன் பெயர். படிப்படியாக வெட்டிய வயல்கள். எப்போது நாற்று நடுகிறார்கள், எப்போது கதிர் அறுக்கிறார்கள், எப்படி அடிக்கிறார்கள் என்று பருவம் தவறாமல் பார்த்து எழுதி வைத்தார்.

குளிர்காலத்தில் யாங்சி ஆற்றில் நீர் வற்றும். அப்போது ஆற்றின் நடுவே ஒரு நீண்ட பாறை தலைகாட்டும். வெண்கொக்குப் பாறை என்று பெயர். சுமார் 1,600 மீட்டர் நீளம். அதில் மீன்களைச் செதுக்கியிருக்கிறார்கள். நீர் அந்த மீன் வரைக்கும் இறங்கினால் அடுத்த ஆண்டு விளைச்சல் நன்றாக இருக்கும் என்பது அவ்வூர் நம்பிக்கை. ஆற்று நீர் எந்த ஆண்டில் எவ்வளவு இறங்கியது என்பதை, கி.பி. 763 முதல் அந்தப் பாறையிலேயே பொறித்து வந்திருக்கிறார்கள். ஆயிரத்து இருநூறு ஆண்டுக் கணக்கு! ஹெஸ்லர் படகில் போய் அதைப் பார்த்தார். அவர் பார்த்தது நல்லதாகப் போயிற்று. யாங்சியில் கட்டிய மூன்று பள்ளத்தாக்கு அணையில் 2003 முதல் நீர் தேங்கத் தொடங்கியது. இன்று அந்தப் பாறை ஆண்டு முழுவதும் ஆழத்தில் கிடக்கிறது. 2009-இல் நீருக்கடியிலேயே ஒரு காட்சியகம் அமைத்து, கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்க்கும்படி செய்துவிட்டார்கள்.

இதையெல்லாம் கேட்டால் இன்பச் சுற்றுலா போலத் தோன்றும். அப்படி இல்லை. அவர் தெருவில் நடந்தால் பத்து இருபது பேர் கூடி வேடிக்கை பார்ப்பார்கள். "வை குவோ ரென்!" – அதாவது 'வெளிநாட்டான்' – என்று கத்துவார்கள். அவர் பேச்சை அவர் காதுபடவே நையாண்டி செய்வார்கள். ஒரு நாள், இரண்டு நாள் என்றால் சிரித்துக்கொள்ளலாம். இரண்டு வருடம்! புறப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன், 1998-இல், நினைவுக்காக நகரத் தெருவைப் படம் பிடிக்கப் போனார்கள். ஒருவர் வந்து தடுத்தார். வாக்குவாதம் முற்றியது. கூட்டம் சினம் கொண்டு சூழ்ந்துகொள்ள, இரண்டு வாத்தியார்களும் அங்கிருந்து தப்பித்து வர வேண்டியதாயிற்று. தாம் நேசித்த ஊரே தம்மை விரட்டியது அவருக்கு ஆறாத வருத்தம். என்றாலும் அந்தக் குறையை மறைக்காமல் எழுதினார். கோபத்தில் தாம் நடந்துகொண்ட விதத்தையும் சேர்த்தே எழுதினார். 2001-இல் வெளிவந்த அவருடைய 'ரிவர் டவுன்' என்ற நூலில் இவை எல்லாம் இருக்கின்றன. பட்டணத்து நூலகத்தில் அதை எடுத்து வந்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மூன்று மாதத்தில் படித்து முடித்தேன்.

அத்தோடு கதை முடியவில்லை. அந்த மாணவர்களோடு அவர் கடிதத் தொடர்பை விடவே இல்லை. ஆண்டுகள் ஓடின. கிராமத்துப் பிள்ளைகள் ஆசிரியர்களானார்கள். அவர்களுக்குப் பிள்ளைகள் பிறந்தார்கள். ஃபூலிங்கிற்கு ரயிலும் வந்தது. அந்த மாணவர்களிடம், "வாழ்க்கை எப்படி இருக்கிறது?" என்று கேள்விப்பட்டியல் அனுப்பிப் பதில் வாங்கிக்கொண்டே இருந்தார். 2019-இல் மீண்டும் சீனா சென்று, செங்டூ நகரில் ஒரு பல்கலைக்கழகத்தில் கட்டுரை எழுதக் கற்றுக்கொடுத்தார். அப்போது உயர்கல்விக்குப் போகும் இளைஞர் பன்னிரண்டில் ஒருவர் அல்ல, பாதிக்கு மேல். வகுப்பில் இருந்தவர்கள் பெரும்பாலும் நகரத்துப் பிள்ளைகள். வீட்டுக்கு ஒரே பிள்ளைகள்.

இந்த முறை அவருடைய இரட்டைப் பெண் குழந்தைகளும் கூட வந்திருந்தார்கள். வயது ஒன்பது. சீனம் தெரியாது. அவர்களைக் கொண்டுபோய், உள்ளூர்ச் சீனப் பள்ளியில் மூன்றாம் ஆண்டில் சேர்த்துவிட்டார். அந்தப் பள்ளியில் வேறு மேல்நாட்டுப் பிள்ளைகளே இல்லை. புரியாத மொழியில் நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பது என்ன என்பதைத் தகப்பன் கற்றார். இருபது ஆண்டு கழித்து மக்களும் கற்றார்கள். படிப்படியாக அவர்களுக்கும் அந்த மொழி வசமாயிற்று.

அமைதிப் படையின் சீனத் திட்டம் 2020-இல் முடிவுக்கு வந்தது. ஹெஸ்லரின் பல்கலைக்கழக ஒப்பந்தமும் 2021-இல் புதுப்பிக்கப்படவில்லை. குடும்பத்தோடு ஊர் திரும்பினார். நாடுகளுக்குள் நட்பும் வரும், பகையும் வரும். ஆனால் ஃபூலிங் மாணவர்களுக்கும் அவர்களுடைய வாத்தியாருக்கும் இடையே இருந்த கடிதப் போக்குவரத்தை எந்த அரசாங்கமும் தொடங்கி வைக்கவில்லை. அதைத் தொடங்கி வைத்தது ஆற்றைக் கடந்து போன அந்த ஞாயிற்றுக்கிழமைகள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

இப்போது பின்வரிசை ஐயாவுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

நான் இந்தத் தோட்டப் பள்ளிக்கு வந்த புதிதில், வெள்ளிக்கிழமை மணி அடித்ததும் மோட்டார் சைக்கிளை உதைத்தால், பட்டணத்தில் வீட்டு வாசலில்தான் நிறுத்துவேன். திங்கட்கிழமை காலையில்தான் மறுபடியும் தோட்டத்து மண்ணை மிதிப்பேன். நாலாம் ஆண்டில் ஒரு பையன். பெயர் வேண்டாம். வீட்டுப்பாடம் ஒழுங்காக இருக்காது. எழுத்து கோழி கிண்டிய மாதிரி இருக்கும். அதிலும் திங்கட்கிழமை நோட்டு மகா மோசம். "என்னடா இது, கையால எழுதினியா காலால எழுதினியா?" என்று வகுப்பு முன்னால் கேட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். சிவப்பு மையில் குறுக்கே ஒரு கோடு போட்டேன். ஒரு வாரம் அல்ல, ஒரு தவணை முழுக்கப் போட்டேன்.

ஹெஸ்லரின் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்த சமயம் அது. அந்த அமெரிக்கர் படியேறிப் போகிறாரே, நமக்கு இருபது நிமிடப் பாதைதானே என்று ஒரு ஞாயிறு காலை தோட்டத்துக்கு வந்தேன். லயத்தில் அந்த வீடு பூட்டிக் கிடந்தது. "எல்லாரும் காட்டுல இருக்காங்க சார்" என்றார் பக்கத்து வீட்டு அம்மா. செம்பனைக் காட்டுக்குள் போய்ப் பார்த்தேன். அப்பா குலையை வெட்டித் தள்ளுகிறார். அம்மாவும் பையனும் கீழே குந்தி, உதிர்ந்த பழங்களைப் பொறுக்கிச் சாக்கில் போடுகிறார்கள். என்னைக் கண்டதும் அவன் பயந்து எழுந்து, கையைப் பின்னால் மறைத்தான். கூப்பிட்டு வாங்கிப் பார்த்தேன். விரல் நுனி எல்லாம் செம்பனை முள் குத்திய புண். பெருவிரலில் ஒரு முள் உள்ளேயே உடைந்திருந்தது.

அந்த விரலால்தான் அவன் எனக்குத் திங்கட்கிழமை பாடம் எழுதிக் காட்டினான்.

அவனிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. "வலிக்குதாடா?" என்றேன். "இல்ல சார்" என்றான். அவன் அம்மா கறுப்புக் கொப்பி ஊற்றிக் கொடுத்தார்கள். சாக்கின் மேல் உட்கார்ந்து குடித்தேன். அன்று எனக்கு யாரும் "பூ துவே" என்று சொல்லவில்லை. நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். மறுநாள் வகுப்பில், அவனைக் கேலி செய்தது என் தவறு என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் கேட்கும்படி சொன்னேன். அதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. சொல்லி முடித்த பிறகு மனம் கொஞ்சம் லேசானது. அன்று முதல் அவன் திங்கட்கிழமை வேலையைச் செவ்வாய்க்கிழமை கொடுக்கலாம் என்று ஏற்பாடு. செவ்வாய்க்கிழமை எழுத்து திருத்தமாகவே இருந்தது. இந்த ஆண்டுப் பரிசுப் பட்டியலில் அவன் பெயர் இல்லை. ஆனால் நோட்டை என் மேசையில் வைக்கும்போது இப்போது என் முகத்தைப் பார்க்கிறான்.

ஆசிரியர் நண்பர்களே, மாதத்தில் ஒரே ஒரு ஞாயிறு போதும். புத்தகம் கொண்டுபோக வேண்டாம். கேள்வித்தாள் கொண்டுபோக வேண்டாம். அவர்கள் கொடுக்கும் கொப்பியைக் குடித்துவிட்டு வாருங்கள். பெற்றோர்களே, வாத்தியார் வந்தால் நாற்காலி இல்லையே என்று வெட்கப்படாதீர்கள், சாக்கே போதும். "கையில முள்ளு ஏறிடுச்சு சார்" என்று ஒரு வார்த்தை நீங்களே எங்களுக்குச் சொல்லி அனுப்புங்கள். மாணவச் செல்வங்களே, உங்களுக்கு வலிக்கிறது என்றால், 'இல்ல சார்' என்று சொல்லாதீர்கள். சொன்னால்தானே எங்களுக்குத் தெரியும்?

பரிசு பெறும் மாணவர்களுக்கு என் வாழ்த்து. பரிசு பெறாத மாணவர்களின் வீட்டுக்கும் ஒரு ஞாயிறு வருவேன், எதிர்பார்த்திருங்கள்.